ஐம்பது கடந்த பெண்களுக்கு: மேடைப் பேச்சு, சேலை விற்பனை, உடைத் தேர்வு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐம்பது வயதுக்குப் பிறகு வீட்டிலிருந்தே சேலை வியாபாரம் தொடங்கியவர்கள், மகளிர் சுய உதவிக் குழுவின் சார்பில் கண்காட்சி அரங்குகளில் நிற்பவர்கள், தம் தொழிலைப் பற்றிக் கல்லூரிகளிலும் சங்கக் கூட்டங்களிலும் பேச அழைக்கப்படுபவர்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கைத்தறிச் சேலை விற்பனையிலிருந்து வருபவை. ஊறுகாயோ மசாலாப் பொடியோ விற்பவர்களும் பேச்சு குறித்த பகுதிகளைத் தம் தொழிலுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பேச்சு, விற்பனை, உடை ஆகிய மூன்றையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?

மூன்றிலும் தீர்ப்புச் சொல்பவர் எதிரில் இருப்பவர் என்பதே காரணம். உரையை மனப்பாடம் செய்துவிட்டு "நான் நன்றாகப் பேசுகிறேனா" என்று கவலைப்படுபவர், சரக்கின் பெருமையை மூச்சுவிடாமல் அடுக்குபவர், கூட்டம் எங்கே, யாருக்காக என்று பாராமல் பீரோவில் இருப்பதிலேயே விலை உயர்ந்த பட்டை எடுத்து உடுத்துபவர் ஆகிய மூவரும் தம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அரங்கில் இருப்பவர்கள் முதலில் உங்கள் தோற்றத்தைக் காண்கிறார்கள். பிறகுதான் சொல்லைக் கேட்கிறார்கள். நல்ல உடை அந்த முதல் நிமிடத்தில் நம்பிக்கையை ஏற்படுத்திவிட்டு, அதன்பின் கவனத்தை முகத்துக்கும் குரலுக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

பேச அழைப்பவர்களிடம் எவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

தலைப்பையும் தேதியையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். கேட்க வருபவர்கள் யார், தாமாக வருகிறார்களா அல்லது வகுப்பை நிறுத்தி உட்கார வைக்கப்படுகிறார்களா, உங்களுக்கு முன் பேசுபவர் யார், உங்கள் உரை முடிந்ததும் மதிய உணவா என்பவற்றை நீங்கள்தான் கேட்க வேண்டும். கட்டாயத்தின் பேரில் அமர்ந்திருக்கும் 200 மாணவிகளுக்கும், தாமே பேருந்து ஏறி வந்த 30 சுய உதவிக் குழு உறுப்பினர்களுக்கும் ஒரே உரை பொருந்தாது. மாணவிகள், முதல் சம்பளத்தில் வாங்கக்கூடிய கைத்தறிச் சேலை எது, அதை அலுவலகத்துக்கு எப்படிக் கட்டிச் செல்வது என்பதில் தொடங்கினால் கேட்பார்கள். குழு உறுப்பினர்களோ கடன் தவணை, விற்காமல் தங்கிய சரக்கு, வீட்டாரின் எதிர்ப்பு ஆகியவற்றைப் பற்றிக் கேட்கவே வந்திருப்பார்கள்.

மேடையைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்டுவிடுங்கள். பின்திரை என்ன நிறம் என்பது ஒன்று. அதே நிறத்தில் சேலை உடுத்தினால் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு உங்கள் முகமும் கைகளும் மட்டுமே தெரியும். நின்று பேசுவதா, சோபாவில் அமர்ந்து உரையாடுவதா என்பது மற்றொன்று. தாழ்வான சோபாவில் அமரும்போது சேலையின் கொசுவம் மேலேறிக் கணுக்கால் தெரிவதும், எழும்போது முழங்கால் ஒத்துழைக்காமல் போவதும் இந்த வயதில் பலருக்கு உள்ள சிரமங்கள். ஆகவே, கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

உரையை எப்படித் தொடங்குவது?

"மேடையில் வீற்றிருக்கும்" என்று தொடங்கி ஒவ்வொருவரையும் பெயரும் பதவியும் சொல்லி விளித்து முடிப்பதற்குள், கேட்பவர்களில் பாதிப் பேர் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். தலைவருக்கும் அழைத்தவருக்கும் ஒரே வாக்கியத்தில் வணக்கம் சொல்லிவிட்டு, அவையில் இருப்பவர்களின் வாழ்க்கையிலிருந்து ஒரு கேள்வியை முன்வையுங்கள். "உங்கள் பீரோவில் ஒரு வருடமாகத் தொடாத சேலைகள் எத்தனை இருக்கும்?" என்று கேட்டால், விடை சொல்லாதவர்கள்கூட மனத்துக்குள் எண்ணத் தொடங்குவார்கள். குறிப்புகளைக் காகிதத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடிப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தால் பேச்சின் ஓட்டம் தடைபடும்.

கடைக்கு வருபவரை எப்படி அழைப்பது? "அம்மா" என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்களே?

சுளிக்கத்தான் செய்வார்கள். நாற்பத்தைந்து வயதுக்காரரை ஐம்பத்தைந்து வயதுக்காரர் "அம்மா" என்று அழைக்கும்போது அதில் மரியாதை இருந்தாலும் கேட்பவருக்கு வயது நினைவுக்கு வந்துவிடுகிறது. "ஆன்ட்டி" அதைவிட மோசம். இளம்பெண்ணை "பாப்பா" என்றோ "வாம்மா" என்றோ சொல்வது நம் பக்கத்தில் அன்புதான் என்றாலும், தன் பணத்தில் வாங்க வந்திருக்கும் பெண்ணுக்கு அது இறக்கிப் பேசுவதாகத் தோன்றலாம். பாதுகாப்பான வழி, உறவுச்சொல்லையே விட்டுவிட்டு "வாங்க, உட்காருங்க, என்ன விசேஷத்துக்குப் பார்க்கிறீங்க?" என்று தொடங்குவதாகும். "சொல்லுங்க" என்ற சொல் ஒன்றே எவ்வளவோ வேலையைச் செய்துவிடும். நெடுநாள் வாடிக்கையாளர் தாமே உங்களை "அக்கா" என்று அழைக்கத் தொடங்கிய பிறகு, அந்த உறவுமுறையை நீங்களும் தொடரலாம்.

வந்தவுடன் எல்லாச் சேலைகளையும் விரித்துக் காட்டுவது நல்லதல்லவா?

பெரிய துணிக்கடையில் இருபது சேலைகளை அடுக்கடுக்காக விரிப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அதுவே உபசாரம் என்று தோன்றுகிறது. அங்கே மடித்து வைக்க ஆள் இருக்கிறது. கண்காட்சியில் ஒரு மேசைக்குப் பின்னால் தனியாக நிற்கும் உங்களுக்கு அது கட்டுப்படியாகாது. வாங்க வந்தவருக்கும் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: யாருக்கு, எந்த நிகழ்ச்சிக்கு, வழக்கமாக எந்த வகைச் சேலை கட்டுவீர்கள். விலையை நேரடியாகக் கேட்க வேண்டாம். மூன்றாம் கேள்விக்கு வரும் விடையிலேயே அது பெரும்பாலும் அடங்கியிருக்கும். பிறகு மூன்று சேலைகளை மட்டும் எடுத்து வையுங்கள். ஒன்று அவர் கேட்டதை ஒட்டியதாகவும், மற்றொன்று அதே விலையில் வேறு நிறத்திலும், மூன்றாவது அவர் நினைத்துப் பாராததாகவும் இருக்கட்டும். மூன்றையும் தொட்டுப் பார்க்க விட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் "இது நல்லா போகும், அது துவைக்க ஈஸி" என்று நாமே பேசிக்கொண்டு போவதில்தான் பல விற்பனைகள் கைநழுவுகின்றன. வாடிக்கையாளர் எதைத் தோளில் போட்டுப் பார்க்கிறார், எதன் விலைச்சீட்டைத் திருப்புகிறார் என்று கவனித்தால், அடுத்து எதைப் பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சென்னை நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகம் போன்ற இடங்களில் நடக்கும் சுய உதவிக் குழுக் கண்காட்சிகளில், அடுத்தடுத்த அரங்குகளில் ஒரே வகைச் சரக்கு இருப்பது வழக்கம். அங்கே வாங்குபவர் நினைவில் நிற்பது, தன்னிடம் கேள்வி கேட்டவரின் அரங்குதான்.

சேலையின் நெசவு விவரங்களை எவ்வளவு சொல்லலாம்?

கேட்பவர் கண்ணால் பார்க்கவோ கையால் தொடவோ முடிந்த அளவுக்குச் சொல்லலாம். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் வெவ்வேறு நிற நூலில் நெய்து தறியிலேயே இணைக்கிறார்கள். அதற்கு மூன்று நாடாக்கள், அதாவது குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் கருவிகள், தேவை. நெசவாளருக்குப் பக்கத்தில் அமர்ந்து நாடாவைத் தள்ள ஒரு துணையாளும் தேவை. உழைப்பு இரட்டிப்பாவதால்தான் விலை ஏறுகிறது. இதை ஒரு சொற்பொழிவாகச் சொன்னால் யாரும் நிற்க மாட்டார்கள். அதற்குப் பதிலாகச் சேலையைத் திருப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தில் நூல்கள் பின்னிக் கோத்திருப்பதை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லிவிட்டு, "இந்த இணைப்புக்காகத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். மீதியை அவரே கேட்பார்.

ஒரு பொருள் குறிப்பிட்ட ஊருக்கே உரியது என்று காட்டும் புவிசார் குறியீடு பற்றியும் அப்படியே. திருபுவனம் பட்டுக்கும் காரைக்குடிக் கண்டாங்கிக்கும் 2019இல் அக்குறியீடு கிடைத்தது. மதுரைச் சுங்குடியும் நெகமம் பருத்திச் சேலையும் அதைப் பெற்றவையே. வாங்குபவரில் பலருக்கு அது ஒரு முத்திரை மட்டும். அவருக்கு உண்மையில் பயன்படுவது, "சுங்குடியை முதல் இரண்டு மூன்று முறை தனியாக அலசுங்கள், சாயம் இறங்கும்" என்ற எச்சரிக்கை. குறையை முன்கூட்டியே சொல்லும் விற்பனையாளரிடம் அடுத்த முறையும் வருவார்கள்.

"இது அசல் பட்டுதானா?" என்று கேட்டால்?

கோபப்பட வேண்டாம், அது உங்கள்மேல் வைக்கும் குற்றச்சாட்டு இல்லை. மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004இல் தொடங்கப்பட்ட சில்க் மார்க் சீட்டு இருந்தால் அதைக் காட்டுங்கள். அது பட்டு நூலுக்கான உறுதி, சரிகைக்கான உறுதியாகாது. இதையும் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது. சரிகையில் உள்ள வெள்ளி, தங்க அளவைக் கருவியால் சோதித்துச் சொல்லும் வசதி காஞ்சிபுரத்தில் உள்ளது. முந்தியின் ஓரத்தில் தொங்கும் ஓரிரு நூலை எரித்துக் காட்டுவது பழைய வழி: பட்டு எரியும்போது முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். கலப்புப் பட்டைத் தூய பட்டு என்று விற்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். கலப்பாக இருந்தால் "கலப்பு" என்றே சீட்டில் எழுதிவிடுங்கள். அந்த விலையில் அதற்கும் வாங்குவோர் இருக்கிறார்கள்.

விலையைக் குறைக்கச் சொல்லி வற்புறுத்தினால்?

முதலில் உங்கள் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 6,000 ரூபாய்ச் சேலையில் உங்கள் லாபம் 1,200 ரூபாய் என்றால், 10 விழுக்காடு தள்ளுபடி என்பது 600 ரூபாய். அதாவது லாபத்தில் சரிபாதி. வாங்குபவருக்கு அது பத்தில் ஒன்றாகத் தெரிகிறது, உங்களுக்குப் பாதி போகிறது. விலையைத் தொடாமல் ஃபால்ஸ் தைத்துத் தருவது, முந்தி முடிச்சுப் போட்டுத் தருவது போன்றவற்றைச் சேர்த்துத் தரலாம். தெரிந்தவர், உறவினர் என்பதற்காக ஆளுக்கொரு விலை சொன்னால், அது மறுநாளே குடும்ப வாட்ஸாப் குழுவில் வந்துவிடும்.

"இந்த வயசுக்கு இந்தக் கலரா?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். என்ன செய்வது?

வயதுக்கேற்ற உடை என்ற பெயரில் நம் ஊரில் சொல்லப்படுவதெல்லாம் பெரும்பாலும் கண்ணில் படாமல் இருக்கச் சொல்லும் கட்டளைதான். வெளிர் சந்தன நிறமும் சாம்பல் நிறமும் அடக்கமாக இருக்கும் என்று நினைத்து உடுத்தினால், நரைத்த முடியோடும் வயதால் சற்று வெளுத்த முகத்தோடும் அவை கலந்து, பேசுபவரைச் சோர்வுற்றவராகக் காட்டிவிடும். அரக்கு, மயில்கழுத்து, அடர்பச்சை, கருநீலம், மாம்பழ மஞ்சள் போன்ற ஆழ்ந்த நிறங்கள் நரைக்கும் மாநிறத்துக்கும் எடுப்பாக இருக்கும்.

நம் மேடைகளிலேயே இதற்குச் சான்று உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி 1966இல் ஐக்கிய நாடுகள் அவையில் பாடியபோது அவருக்கு வயது ஐம்பது. அவர் பெயரால் வழங்கும் "எம்.எஸ். நீலம்" மிக அழுத்தமான நிறம், இன்றும் அந்தப் பெயரைச் சொல்லியே பட்டு வாங்குகிறார்கள். அவருடைய மேடைத் தோற்றத்தில் எதுவும் ஒளிந்துகொள்ளவில்லை. அதே நேரத்தில் எதுவும் பாட்டைத் தாண்டி முன்னால் வந்து நிற்கவும் இல்லை.

நிறத்தைத் தேர்ந்தெடுக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பகல் வெளிச்சத்தில் சன்னலருகே நின்று சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் முதலில் சேலையைப் பற்றிப் பேசினால் அதைத் திருமணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். "முகம் தெளிவா இருக்கு" என்று சொன்னால் அதுவே மேடைக்கு உரியது.

பழைய ரவிக்கைகள் எதுவும் பொருந்துவதில்லை. சேலையின் அழகே கெடுகிறதே?

சேலையை விட ரவிக்கைக்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும். ஐம்பதுக்குப் பிறகு பலருக்கு மேற்கையும் முதுகும் அகன்றுவிடுகின்றன, தோள் சற்று முன்னோக்கி வளைகிறது. பத்தாண்டுக்கு முந்தைய அளவு ரவிக்கையைக் கொடுத்து "இதே மாதிரி" என்று தைக்கச் சொன்னால் பழைய உடலுக்குத்தான் தைத்துத் தருவார்கள். புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். அளவெடுக்கும்போது மைக்கைப் பிடிப்பதுபோலக் கையைத் தூக்கிக் காட்டி, அந்த நிலையில் அக்குள் இறுக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் பிரித்துத் தைக்க ஓர் அங்குலத் துணி விடச் சொல்லுங்கள். முழங்கைக்குச் சற்று மேலே முடியும் கை, பெரும்பாலோருக்கு நன்றாக அமைகிறது. கையில்லாத ரவிக்கை பிடித்திருந்தால் அதையும் தாராளமாக அணியலாம். கை நீளத்தை முடிவு செய்ய வேண்டியது உங்கள் வசதிதான், பக்கத்து வீட்டாரின் கருத்தில்லை.

உயரம் குறைந்தவர்களுக்கு அகலக் கரை உடலை இரண்டாக வெட்டிக் காட்டும். இரண்டு மூன்று விரல் அகலக் கரையே போதும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை விறைப்பாக நின்று உடலைப் பெரிதாகக் காட்டுகிறது என்று கருதுபவர்கள், கஞ்சியைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பேசும்போது திடீரென்று உடல் கொதித்து வியர்க்கிறது. பட்டு உடுத்தலாமா?

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. அதையொட்டிய ஆண்டுகளில் இத்தகைய கொதிப்பு மிகவும் இயல்பானது. கனத்த சரிகைப் பட்டும், உள்ளே பாலியஸ்டர் லைனிங் வைத்த ரவிக்கையும் அதை அதிகமாக்கும். மெல்லிய கைத்தறிப் பருத்தி அல்லது லினன் சேலையோடு, பருத்தி லைனிங் வைத்த ரவிக்கையை அணியுங்கள். வெளிர்நீலம், வெளிர்ச்சாம்பல் ஆகியவற்றில் வியர்வைக் கறை உடனே தெரியும். அடர்நிறத்திலும் அச்சிட்ட துணியிலும் தெரியாது. பேச்சுமேடையில் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். கொதிப்பு வந்தால் அவையினரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அவர்கள் விடை சொல்லும் நேரத்தில் ஒரு வாய் குடித்து மூச்சை ஆற்றிக்கொள்ளலாம். தொல்லை தூக்கத்தையே கெடுக்கும் அளவுக்கு இருந்தால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

நகை, மைக், கேமரா ஆகியவற்றில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

ரவிக்கையில் செருகும் சிறிய மைக் அருகே நீண்ட சங்கிலியோ பெரிய ஜிமிக்கியோ இருந்தால், அதன் உரசல்தான் அரங்கம் முழுவதும் கேட்கும். கண்ணாடி வளையல்கள் மேசையில் மோதும் ஒலியும் அப்படியே. கம்மலைப் பெரிதாக வைத்துக்கொண்டு கழுத்தை எளிமையாக விடுவது ஒரு நல்ல ஏற்பாடு. காணொளி எடுப்பதாக இருந்தால் நெருக்கமான பொடிக் கட்டங்களையும் மெல்லிய கோடுகளையும் தவிர்க்கவும். அவை கேமராவில் அலைபோல நெளிந்து கண்ணை உறுத்தும். தூய வெள்ளை, முகத்தைக் கருக்கிக் காட்டும். மூக்குக் கண்ணாடியில் விளக்கு பளிச்சிடாமல் இருக்க, எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுள்ள கண்ணாடி வில்லையைக் கேட்டு வாங்கலாம்.

நரைக்குச் சாயம் பூச வேண்டுமா? சல்வார் அணியலாமா?

இரண்டும் உங்கள் விருப்பம். பாதி வளர்ந்து வேர்ப்பகுதி வெளுத்திருக்கும் முடியைவிட முழு நரையும் அழகு, முழுச் சாயமும் அழகு. சல்வார் அணிவதானால் முழங்காலுக்குக் கீழே இறங்கும் குர்தாவும் நேரான பேண்ட்டும் மேடைக்கு ஏற்றவை. ஆனால் கைத்தறிச் சேலை விற்பவர் பாலியஸ்டர் குர்தாவில் வந்து நிற்கக் கூடாது.

விற்கும் சேலையையே உடுத்திக்கொண்டு நிற்கலாமா?

உடுத்த வேண்டும். மடித்து வைத்த ஐந்தரை மீட்டர் துணி உடலில் எப்படி விழும் என்பதை எந்த விளக்கமும் சொல்லிவிடாது. ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணின் உடலில் அது அழகாக விழுவதைப் பார்க்கும் இன்னொரு ஐம்பத்தைந்து வயதுப் பெண், ஒல்லியான மாடல் அணிந்த படத்தைவிட அதை நம்புவார். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. உங்கள் அரங்கில் உள்ள நடுத்தர விலைச் சேலையை உடுத்துங்கள். மிக உயர்ந்ததை நீங்கள் உடுத்தி நின்றால், 1,500 ரூபாய்ச் சேலை வாங்க வந்தவர் மேசை அருகே வரவே தயங்குவார். உடுத்தியதில் இன்னும் மூன்று நான்கு நிறங்களைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம்; "நீங்க கட்டியிருக்கிற மாதிரியே இருக்கா?" என்பதே அன்று அதிகம் வரும் கேள்வியாக இருக்கும்.

வாட்ஸாப் குழுவிலும் நேரலையிலும் விற்கும்போது வேறுபாடு என்ன?

எதிரில் இருப்பவர் தொட்டுப் பார்க்க முடியாது. ஆகவே தொட்டால் தெரிவதை நீங்கள் சொல்லியாக வேண்டும். எடை, மென்மை, உள்ளே தெரியுமா, ரவிக்கைத் துணி உண்டா, சேலையின் மொத்த நீளம் எவ்வளவு என்பவற்றைக் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். நிறத்தைச் சன்னல் வெளிச்சத்தில் காட்டுங்கள். மஞ்சள் விளக்கில் பச்சை வேறாகத் தெரியும். விலையைத் தனிச்செய்தியில் கேட்கச் சொல்வது பலரை விலக்கிவிடுகிறது, எனவே படத்தோடு விலையையும் போடுங்கள். திரும்பப் பெறுவீர்களா, எத்தனை நாளுக்குள், அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் ஒரே செய்தியாக எழுதிக் குழுவின் மேலே நிலைநிறுத்திவிட்டால், பின்னால் வரும் மனத்தாங்கல்கள் பெரும்பாலும் வராமலே போகும்.

செருப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே?

கண்காட்சியில் நாள் முழுவதும் நிற்பவருக்கு அதுதான் முக்கியம். குதிகால் உயரம் ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம்; அடி மெத்தென்றும் பின்பட்டையுள்ளதாகவும் இருக்கட்டும். அதை அணிந்துகொண்டுதான் சேலையின் கீழ்விளிம்பை அளந்து கொசுவம் செருக வேண்டும். வெறுங்காலோடு கட்டிவிட்டுப் பிறகு செருப்புப் போட்டால் சேலை தூக்கி நிற்கும். உயரமான செருப்போடு கட்டிவிட்டு மேடையில் அதைக் கழற்றினால் படியேறும்போது கால் தடுக்கும். விளக்கேற்றும் நிகழ்ச்சி இருந்தால் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள் என்பதையும் கணக்கில் வைத்து, கொசுவத்தை அரை அங்குலம் மேலாகவே செருகிக்கொள்ளுங்கள்.